கவர்னரும் காற்றாடியும்

சென்னைக்கு வந்து கிண்டியில் ராஜ பவனத்து வாசலைப் பார்க்கும் வரையில், கவர்னர் என்பவர் ஒரு மனிதராக இருக்கக்கூடும் என்ற எண்ணமே எனக்கு உண்டானதில்லை. இலத்தூரில் எங்களுக்குத் தெரிந்த கவர்னர் ஒருவர்தான். அவர் அரிசி ஆலையில் ஆயில் எஞ்சினின் தோளில், இரண்டு இரும்புக் குண்டுகளாக உட்கார்ந்து, நாள் முழுவதும் தட்டாமாலை சுற்றிக்கொண்டிருந்தார்.

அது 1950-களின் நடுப்பகுதி. மின்சார மோட்டார் எங்கள் பக்கத்து ஆலைகளுக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. ஆள் உயரச் சக்கரம் இரண்டு பூட்டிய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் அது. காலையில் அது 'குக், குக்' என்று குரல் கொடுத்தால் குளத்துக்கு அக்கரையில் களை எடுக்கிறவர்களுக்கும் மணி தெரியும். அதை ஓட்டியவரை ஊரே 'எஞ்சின் அண்ணாச்சி' என்று அழைத்தது. சட்டை போடாத மேனியும், காதில் செருகிய பீடியும், கையில் கழிவுப் பஞ்சுமாக இருப்பார். நெல் மூட்டைக்குக் காவலாக என்னை ஆலைக்கு அனுப்பினால் நான் மூட்டையைப் பார்க்க மாட்டேன். அந்தக் குண்டுகளைத்தான் பார்ப்பேன். நெல்லைக் கொட்டியதும் எஞ்சின் ஒரு முக்கு முக்கும். குண்டுகள் கொஞ்சம் தாழும். உடனே எண்ணெய் கூடுதலாகப் பாய்ந்து எஞ்சின் சுதாரித்துக்கொள்ளும். நெல் தீர்ந்து பளு குறைந்தால் குண்டுகள் விரிந்து எழும், எண்ணெய் குறையும். யாரும் தொடாமல், யாரும் சொல்லாமல் இது நடந்துகொண்டே இருக்கும்.

"அண்ணாச்சி, அது எதுக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அதுதாம்ல கவர்னரு. நான் பீடி குடிக்கப் போனா எஞ்சினப் பாத்துக்கிடுறது அதுதான்."

இதை விடச் சுருக்கமான விளக்கத்தை நான் பின்னால் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

ஒரு கார்த்திகை மாதத்தில் அந்தக் கவர்னர் வேலை செய்யத் தவறினார். தவிட்டுத் தூசியும் பழைய எண்ணெயும் சேர்ந்து பிசின் போலாகி, குண்டுகளோடு ஏறி இறங்க வேண்டிய வளையம் தண்டில் ஒட்டிக்கொண்டது. அது தெரிவதற்குள் பெல்ட்டு அறுந்தது. இழுக்கப் பளுவில்லாத எஞ்சின், கட்டறுத்த காளை மாதிரி ஓட்டமெடுத்தது. 'குக், குக்' என்ற சத்தம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே ஊளையாகிவிட்டது. கட்டிடமே நடுங்கியது, ஓட்டுச் சரிவிலிருந்து இரண்டு ஓடுகள் விழுந்தன. ஜனங்கள் வெளியே ஓடினார்கள். அண்ணாச்சி மட்டும் உள்ளே ஓடினார். கொதிக்கிற குழாய்க்கு இடையில் கையை விட்டு எண்ணெயை அடைத்தார். சக்கரம் நிற்பதற்குக் கால் மணி நேரம் ஆனது. வலது உள்ளங்கையில் வெந்த அந்தத் தழும்போடுதான் அவர் கடைசி வரையில் இருந்தார். சக்கரம் உடைந்து பறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பெரியவர்கள் வெகு நாள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த இரண்டு குண்டுகளின் வமிச வரலாற்றை விசாரிக்க எனக்கு அப்புறம் நாற்பது வருஷத்துக்கு மேல் அவகாசம் இல்லாமல் போயிற்று. விசாரித்தபோது முதல் ஆச்சரியம், அதன் பூர்வீகமும் மாவு மில்தான் என்பது. ஐரோப்பாவில் காற்றாடியால் ஓடும் மாவு மில்களில், காற்று வலுத்தால் திரிகைக் கல் வேகமாகச் சுற்றும். அப்போது மேல் கல் எழும்பிக்கொள்ளும். மாவு கரகரவென்று விழும். கல்லை அமர்த்தி வைப்பதற்காகச் சுழலும் குண்டுகளை அங்கே பயன்படுத்தினார்கள். 1787-இல் தாமஸ் மீட் என்ற ஆங்கிலேயர் இந்த வகையில் ஒரு காப்புரிமையும் வாங்கினார். மறு வருஷம், 1788-இல், லண்டன் ஆல்பியன் மில்லில் இப்படி ஒரு பொறியைப் பார்த்த மாத்யூ போல்ட்டன், தம் கூட்டாளியான ஜேம்ஸ் வாட்டுக்குக் கடிதம் எழுதினார். வாட் அதை எடுத்து நீராவி எஞ்சினில் மாட்டினார். 'வாட் கண்டுபிடித்த கவர்னர்' என்று நாம் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தது முழு உண்மை அல்ல. மாவு மில்காரனின் சொத்தை அவர் எஞ்சினுக்குத் தத்து எடுத்தார். அதற்கு அவர் காப்புரிமை கேட்கவும் இல்லை. இந்த மட்டில் வாட் நியாயஸ்தர்.

குண்டுகளுக்கு ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. அளவுக்கு மீறிய சுறுசுறுப்பு! வேகம் கொஞ்சம் கூடினால் பதறிப் போய் அதிகமாகக் குறைக்கும். குறைந்ததைக் கண்டு மறுபடியும் பதறி அதிகமாகக் கூட்டும். எஞ்சின் இப்படி ஏறி இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கும். புது மருமகள் உப்புப் போடுகிற கதைதான். ஏன் சில கவர்னர்கள் அடங்குகின்றன, சில கவர்னர்கள் ஆடிக்கொண்டே இருக்கின்றன என்பதை 1868-இல் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். மின்சாரத்துக்கும் ஒளிக்கும் உறவு சொன்ன அதே மகா மேதை, இரண்டு இரும்புக் குண்டுகளுக்காக உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதினார். கவர்னர் என்ற சொல்லின் ஆதி வேர் கிரேக்கத்தில் சுக்கான் பிடிப்பவனைக் குறிக்கும் என்பார்கள். 1948-இல் நார்பர்ட் வீனர் ஒரு புதிய விஞ்ஞானத்துக்கு 'சைபர்னெட்டிக்ஸ்' என்று பெயர் வைத்தபோது, அந்தக் கிரேக்கச் சொல்லையும் மாக்ஸ்வெல்லின் கட்டுரையையும் நினைத்துத்தான் வைத்தார்.

இனிமேல் ஆகாயத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன் வாசகர்களை ஒரு நிமிஷம் செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். மலை ஏறும்போது டிரைவர் முதல் கியருக்கு வருகிறார். எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது. வண்டி மெதுவாக, ஆனால் பலமாக ஏறுகிறது. சமவெளியில் அதே கியரில் போனால் எஞ்சின் அலறும். டாப் கியரில் மலை ஏறப் பார்த்தால் எஞ்சின் திணறி நின்றுவிடும். ஆகாய விமானத்துக்குக் கியர் பெட்டி அதன் மூக்கில் சுற்றும் விசிறிதான். புரொப்பெல்லர் என்பது காற்றை மரமாக எண்ணி முடுக்குகிற திருகாணி. இதழ்களின் சாய்வு குறைவாக இருந்தால் காற்றை மெல்லிய சீவல்களாகச் சீவும். தரையிலிருந்து எழும்ப அதுதான் நல்லது. சாய்வு அதிகமானால் பெரிய பெரிய துண்டாகக் கடிக்கும்; உயரே வேகமாகப் போக அது வேண்டும். ஒரே கட்டையில் செதுக்கிய விசிறிக்கு ஒரே சாய்வுதான். எனவே அது எப்போதும் இரண்டாவது கியரிலேயே ஓடும் பஸ்!

தமிழ்நாட்டில் முதன்முதலாக விமானம் கட்டியவருக்கு இப்படிப்பட்ட விசிறிதான் வாய்த்தது. அவர் தமிழர் அல்ல, எஞ்சினியரும் அல்ல. சென்னை மவுண்ட் ரோடில் ஹோட்டலும் மிட்டாய்க் கடையும் நடத்திய ஜாக்கமோ டாஞ்சலிஸ் என்ற கார்சிகாக்காரர். 1909 ஜூலையில் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். அந்தச் செய்தி உலகமெங்கும் பலரைத் தூங்கவிடாமல் அடித்தது. டாஞ்சலிஸ் தாமே வரைபடம் போட்டார். குதிரை வண்டிகள் கட்டுவதில் பேர் வாங்கியிருந்த சிம்ப்ஸன் கம்பெனியார் அவருக்கு விமானத்தைக் கட்டிக் கொடுத்தார்கள். 1910-இல் பல்லாவரத்தில் அது தரையை விட்டு எழும்பியது. கேக்குக்குச் சர்க்கரைப் பாகு காய்ச்சியவர் ஆகாயத்துக்கும் பதம் பார்த்துவிட்டார் என்று எனக்கு ஒரு பிரியம். அந்தச் சின்னஞ்சிறு எஞ்சினின் சக்தியில் அதிகமான பங்கை எழும்புவதற்குள்ளேயே விசிறி விழுங்கியிருக்கும். ஆனால் வேகமே இல்லாத காலத்தில் யார் கியரைப் பற்றிக் கவலைப்பட்டார்கள்?

கவலை 1920-களில் வந்தது. எஞ்சின்கள் பலமாயின, விமானத்தின் உச்ச வேகம் எழும்பும் வேகத்தைப் போல் மூன்று மடங்காயிற்று. இதழ்களின் சாய்வைப் பறக்கும்போதே மாற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எப்படி என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. நிமிஷத்துக்கு 2,000 தடவை சுற்றும் இதழ் ஒவ்வொன்றும் பல டன் பலத்தோடு பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கிறது. அதை வேரோடு பிடித்துக்கொள்ளவும் வேண்டும். அதே சமயத்தில் கதவுக் கீல் போல் திரும்பவும் விட வேண்டும்.

இந்தத் திண்டாட்டத்தில் பிறந்த ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1934 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு ஒரு விமானப் பந்தயம் நடந்தது. அதில் ஜெயித்த ஸ்காட்டும் காம்ப்பெல் பிளாக்கும் ஓட்டிய டி ஹாவிலண்ட் காமெட், அந்நாளில் அழகிலும் வேகத்திலும் நிகரற்ற யந்திரம். அதன் விசிறியில் இரண்டு சாய்வுகள் உண்டு. எழும்புவதற்கான சாய்வை எப்படி வைத்தார்கள் தெரியுமா? சைக்கிள் பம்ப்பால் காற்று அடித்து! விமானம் எழுந்து மணிக்கு 150 மைலைத் தாண்டினால், விசிறியின் முகத்தில் இருக்கும் ஒரு தட்டை எதிர்காற்று அழுத்தும். அடைத்த காற்று 'புஸ்' என்று வெளியேறும். இதழ்கள் அதிகச் சாய்வுக்குத் திரும்பிக்கொள்ளும். அவ்வளவுதான். மறுபடி தரை இறங்கிப் பம்ப்பை எடுக்கும் வரையில் மாற்றவே முடியாது. வழியில் அலகாபாத்தில் அவர்கள் இறங்கினார்கள். உலகத்தையே வியக்க வைத்த விமானத்துக்கு அங்கே யாரோ ஒருவர் பம்ப்பைப் பிடித்துக் காற்றடித்திருக்க வேண்டும். இந்தியாவில் அன்று சைக்கிள் பம்ப்புக்குக் குறைவில்லை.

பம்ப்பில்லாத வழியைத் தேடியவர்களும் இருந்தார்கள். இங்கிலாந்தில் ஹீலி-ஷா, பீச்சம் என்ற இருவர் 1924-இலேயே எண்ணெய் அழுத்தத்தால் சாய்வு மாறும் விசிறிக்குக் காப்புரிமை வாங்கினார்கள். கனடாவில் டர்ன்புல் என்பவர் 1927-இல் மின்சார மோட்டாரால் மாற்றிக் காட்டினார். அமெரிக்காவில் ஹாமில்ட்டன் ஸ்டாண்டர்ட் கம்பெனியின் பிராங்க் கால்டுவெல் செய்த விசிறிதான் ஊர் ஊராகப் பரவியது. 1933-ஆம் வருஷத்துக் காலியர் பரிசும் அதற்குக் கிடைத்தது. ஆனால் அதிலும் முதலில் இரண்டே சாய்வு. விமானி கையால் மாற்ற வேண்டும். விமானியோ மேகத்தைப் பார்ப்பானா, மலையைப் பார்ப்பானா, இதைப் பார்ப்பானா?

இந்த இடத்தில்தான் நம் பழைய நண்பர்கள் உள்ளே வருகிறார்கள். அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்து ராக்போர்டு என்ற ஊரில் உட்வர்ட் என்று ஒரு குடும்பம். தகப்பனார் அமோஸ் உட்வர்ட் 1870-இல் நீர்ச்சக்கரங்களுக்குக் கவர்னர் செய்து காப்புரிமை வாங்கியவர். பாபநாசத்தில் 1944-இல் தாமிரபரணியைக் கொண்டு மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள் அல்லவா? அப்படிப்பட்ட இடங்களில் தண்ணீர் வாயிலைத் திறந்து மூடி வேகத்தைக் காக்கும் கவர்னர்களின் குலத்துக்கு அவர் ஒரு பாட்டனார். அவருடைய மகன் எல்மர் உட்வர்ட், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 1930-களின் நடுவில், குண்டுகளைச் சுருக்கி விமான எஞ்சினில் மாட்டினார். மற்றவர்கள் திண்ணையில் சாய்ந்து பேரன் பேத்திகளை அதட்டும் வயது!

வேலை செய்யும் விதம் இலத்தூர் மில்லில் பார்த்ததுதான். ஒரே ஒரு வித்தியாசம். மில்லில் குண்டுகள் எண்ணெயைக் கூட்டியும் குறைத்தும் எஞ்சினின் சக்தியை மாற்றின. இங்கே சக்தியைத் தொடுவதில்லை, பளுவை மாற்றுகின்றன. எஞ்சின் வேகம் கூடினால் குண்டுகள் விரியும், ஒரு வால்வு திறக்கும், அழுத்திய எண்ணெய் விசிறியின் குடத்துக்குள் பாயும், இதழ்கள் சாய்ந்து பெரிய துண்டாகக் கடிக்கும், எஞ்சின் அடங்கும். வேகம் குறைந்தால் எண்ணெய் வடியும், இதழ்கள் நிமிரும், எஞ்சின் இலேசாகும். குண்டுகளை ஒரு சுருள்வில் எதிர்த்து அழுத்திக்கொண்டிருக்கும். அந்த வில்லை எவ்வளவு இறுக்குவது என்பது மட்டும் விமானியின் கையில். '2,400' என்று அவன் ஒரு முறை சொல்லிவிட்டால், ஏறினாலும் இறங்கினாலும் 2,400தான்.

இது சௌகரியம் மட்டும் அல்ல, உயிர்ப் பிரச்னை என்பது 1940-இல் தெரிந்தது. ஜெர்மன் விமானங்கள் இங்கிலாந்தின் மேல் வரப் போகும் சமயத்தில், ஸ்பிட்பயர், ஹரிக்கேன் போர் விமானங்கள் பெரும்பாலும் இரண்டு சாய்வு விசிறியோடு நின்றன. ஜூன் கடைசியில் டி ஹாவிலண்ட் கம்பெனி ஆட்கள் கவர்னர்களையும் குழாய்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு விமானத் தளம் தளமாகப் போனார்கள். இரவும் பகலும் வேலை. ஆகஸ்டு நடுவுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்களுக்கு மாட்டி முடித்தார்கள். விமானங்கள் குறைந்த தூரத்தில் எழும்பின, வேகமாக மேலேறின. அந்தக் கோடையில் வானத்தில் இருந்த 79-ஆவது, 234-ஆவது படைப்பிரிவுகள் யுத்த காலத்தில் 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டன. நம் மாகாணத்தில் திரட்டிய யுத்த நிதிக்கு அது நன்றி. நிதி கொடுத்தவர்களில் எத்தனை பேர் மனமுவந்து கொடுத்தார்கள், எத்தனை பேர் தாசில்தாருக்குப் பயந்து கொடுத்தார்கள் என்பது வேறு கதை.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்ததோடு விட்டிருப்பேன். என் அக்காள் மகன் விடவில்லை.

அவன் இலத்தூர்ப் பிள்ளை. அமெரிக்காவில் டெக்ஸாஸில் கம்ப்யூட்டர் உத்தியோகம். அந்த நாட்டில் வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 1953-இல் மில்வாக்கியில் அவர்களுக்கென்று ஒரு சங்கமே தோன்றியது. பெரும்பகுதியைத் தானே கட்டியிருந்தால் சர்க்காரே பதிவு செய்து கொடுக்கும். நம் நாட்டிலும் மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி வீட்டு மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானம் கட்டி, வெகு போராட்டத்துக்குப் பிறகு 2017-இல் பதிவு வாங்கினார். செங்கோட்டைக் கணவாய்க்கு அந்தப் பக்கம், ஆலப்புழையைச் சேர்ந்த அசோக் தாமரக்ஷன் இங்கிலாந்தில் தம் வீட்டில் ஒன்று கட்டி, 2022-இல் குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றினார். நான் டெக்ஸாஸ் போனபோது மருமகன் ஏழாவது வருஷத்தில் இருந்தான். கார் நிற்க வேண்டிய கொட்டகையில் இறக்கையும் வாலும் நின்றன. கார் வெயிலில் காய்ந்தது.

"மாமா, இதுதான் கவர்னர்" என்று என் கையில் கொடுத்தான். ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம் இருக்கும். இரண்டு கைக்குள் அடங்கியது. குண்டுகள் வெளியே தெரியவில்லை; உள்ளே இருப்பதாகச் சொன்னான்.

மாட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நாலு மரைகள், சல்லடை பதித்த ஒரு கேஸ்கெட், அவ்வளவுதான். கேஸ்கெட்டின் முகம் திரும்பிவிடக் கூடாது. பசை தடவக் கூடாது, பசைத் துணுக்கு எண்ணெயோடு போய் வால்வில் சிக்கிக்கொள்ளும். இலத்தூர் மில்லில் வளையம் ஒட்டிக்கொண்டது எனக்கு ஞாபகம் வந்தது. அடுத்தது விமானி கைப்பிடியிலிருந்து வரும் கம்பி. கைப்பிடியை முழுதும் தள்ளும்போது, கவர்னரின் நெம்புகோல் தன் தடுப்பில் முதலில் முட்ட வேண்டும்; கைப்பிடிக்கும் பலகைக்கும் இடையில் ஒரு நெல்மணி கிடக்கும் இடம் மிச்சம் இருக்க வேண்டும். கைப்பிடி முதலில் முட்டிவிட்டால் கவர்னர் முழு வேகத்தைப் பார்க்கவே பார்க்காது. இந்த நெல்மணிக்காக அவன் அரை நாள் கம்பியைக் கூட்டியும் குறைத்தும் படுத்துக் கிடந்தான்.

ஒரு பெரிய தவறு முன்பே தப்பியிருந்தது. அவன் வாங்கியது பழைய எஞ்சின். முன்பு நிலையான சாய்வு விசிறியோடு ஓடியது. அப்படி ஓடும் எஞ்சினில், உள்ளீடற்ற கிராங்க் தண்டின் மூக்குக்குள் இருக்கும் உள் அடைப்பைத் துளைத்து வைத்திருப்பார்கள். அதை மாற்றிப் புது அடைப்புப் போடாவிட்டால் கவர்னர் அனுப்பும் எண்ணெய் விசிறிக்குப் போகாது. எஞ்சினின் வயிற்றுக்கே திரும்பிவிடும். கவர்னரை எவ்வளவு திருகினாலும் பிரயோஜனம் இல்லை. விசிறியைப் பூட்டும் முன் விளக்கை அடித்துப் பார்த்ததால் கண்டுபிடித்தான்.

பிறகு தரையில் ஓட்டிப் பார்த்தான். அந்த எஞ்சினுக்கு உச்ச வரம்பு 2,700 சுற்று. முழு விசையில் 2,620-க்கு மேல் போகவில்லை. கவர்னரில் உச்ச வேகத்துக்கென்று ஒரு திருகு உண்டு. அந்த வகையில் ஒரு சுற்றுக்குச் சுமார் 25 கூடும் அல்லது குறையும். ஒரு சுற்று வெளியே திருகினான். 2,620. இன்னும் ஒரு சுற்று. 2,620. மூன்றாவது சுற்று. முள் அசையவில்லை. அவன் முகம் சிவந்துவிட்டது. நாலாவது சுற்றுக்கு ஸ்குரு டிரைவரை வைத்தபோது, பக்கத்துக் கொட்டகைக் கிழவர் ஒருவர் வந்தார். விமான மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவராம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எத்தனை சுற்று திருகினாய்? கணக்கு இருக்கிறதா?" என்றார். நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருந்தான். "மூன்றையும் திருப்பிப் போடு" என்றார்.

விஷயம் இதுதான். நிற்கிற விமானத்தில், குறைந்த சாய்வுத் தடுப்பில் இதழ்கள் முட்டி நிற்கின்றன. 2,620-இல் நிறுத்தியது கவர்னர் அல்ல, காற்றின் பளு. வரம்பை எட்டாத வரையில் கவர்னர் வேலைக்கே வரவில்லை. வேலைக்கு வராதவனை எவ்வளவு அதட்டினாலும் காதில் விழுமா? விமானம் ஓடத் தொடங்கினால் பளு குறையும், சுற்று ஏறும், 2,700-இல் கவர்னர் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்று சுற்றும் வெளியே இருந்திருந்தால் 75 சுற்றுக் கூடப் போய்த்தான் பிடித்திருக்கும். சுற்று பத்து சதவிகிதம் கூடினால் இதழைப் பிய்க்கும் பலம் இருபத்தொரு சதவிகிதம் கூடும் என்று கிழவர் கணக்குச் சொன்னார். நான் ஓட்டுச் சரிவிலிருந்து விழுந்த இரண்டு ஓடுகளை நினைத்துக்கொண்டேன்.

ஆகவே தரையில் திருக வேண்டும். சரியா என்பதை ஆகாயம்தான் சொல்லும். அந்த நாட்டுச் சட்டப்படி, இப்படிப்பட்ட விமானத்தை முதல் 25 மணியோ 40 மணியோ குடியிருப்பு இல்லாத இடத்தின் மேல் பறந்து சோதிக்க வேண்டும். சவாரிக்கு யாரையும் ஏற்றக் கூடாது. ஒரு சனிக்கிழமை காலை, வேலிக்கு வெளியே அவன் மனைவியும் நானும் நின்றோம். ஓட்டப் பாதையின் கோடியில் அவன் 1,800 சுற்றில் நிறுத்தி, கைப்பிடியை மூன்று தரம் இழுத்துத் தள்ளினான். ஒவ்வொரு தரமும் விசிறியின் குரல் தாழ்ந்து எழுந்தது. சூடான எண்ணெய் இதழ் வேர் வரை போய் வருகிறது என்று அர்த்தம். அந்தப் பெண் என் கையைப் பிடித்திருந்தாள் என்பது விமானம் எழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இருபது நிமிஷத்தில் இறங்கினான். 2,740-க்குப் போயிற்றாம், கைப்பிடியைச் சற்று இழுத்து 2,700-க்குக் கொண்டு வந்தானாம். மூடியைக் கழற்றி ஒன்றரைச் சுற்று உள்ளே திருகி, பூட்டு மரையை இறுக்கி, கம்பி கட்டினான். மறு நாள் மறுபடியும் ஏறினான். இறங்கி வந்து ஒன்றும் சொல்லாமல் நோட்டுப் புத்தகத்தை என்னிடம் நீட்டினான். '2,700' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது.

அன்று இரவு அக்காள் இலத்தூரிலிருந்து டெலிபோனில் கூப்பிட்டாள். மகன் விவரமெல்லாம் சொன்னான். அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஏலே, அண்ணாச்சி கை வெந்த மாதிரி ஒண்ணும் ஆயிராதுல்லா?"

போன ஆனி மாதம் நான் ஊருக்குப் போயிருந்தேன். சாரல் காலம். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று, குளக்கரையில் வேட்டியைக் கட்டியிருக்க விடவில்லை. கிழக்கே சுரண்டைப் பக்கம் மின்சாரக் காற்றாடிகள் வரிசையாக நின்றன. பழையவற்றில் இதழ்கள் அசையாமல் பூட்டியவை. புதியவற்றில் காற்று வலுக்க வலுக்க இதழ்கள் தாமே திரும்பிக் காற்றை வழிய விடும். குண்டுகள் இல்லை, கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது.

அரிசி ஆலையின் சுவர் மட்டும் இருக்கிறது. எஞ்சினைப் பழைய இரும்புக்காரர் எப்போதோ உடைத்து ஏற்றிப் போய்விட்டார். கவர்னரின் குண்டுகளில் ஒன்று அக்காள் வீட்டில் இருக்கிறது; அண்ணாச்சி கொடுத்ததாம். சாரல் காற்றில் வாசல் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க, அதை அண்டக் கொடுத்து வைத்திருக்கிறாள்.